துவிச்சக்கர வண்டியின் சட்டமும் நடையும்

துவிச்சக்கர வண்டியிலே கல்லூரிக்கு வந்து கற்றோர் நம்முட் பலராவர். தந்தையாரின் பழைய வண்டி ஆனைநடை நடந்து அமைதியாகச் சென்றது. தமையனாரின் வண்டியோ கைபிடியைத் தொட்டதுந் திரும்பிற்று. இவ்வேற்றுமையின் காரணத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1885 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கொவென்றி நகரிலே ஜோன் கெம்ப் ஸ்ராலி என்பார் வெளியிட்ட ‘றோவர்’ வண்டியின் வழிவந்தவையே இவ்விரண்டும். நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய றலி வண்டிகளை எடுத்துக்கொள்வோம். கம்பிப் பிறேக்குப் பூட்டிய 28 அங்குலச் சில்லு வண்டியிலே தலைக்குழாய் நிலத்தோடு ஆக்குங் கோணம் ஏறக்குறைய 67 பாகை. 26 அங்குலச் சில்லுடைய ‘ஸ்போர்ட்ஸ்’ வண்டியிலோ அது ஏறக்குறைய 72 பாகை. முன்னது சாய்ந்தது, பின்னது நிமிர்ந்தது.

சாய்ந்த சட்டத்திலே சில்லுகள் விலகி நிற்கும். பின்சில்லு இருக்கைக்குப் பின்னே தள்ளியிருப்பதால், பள்ளத்தில் விழும்போது அதிர்ச்சி முழுவதும் முதுகிலே தாக்குவதில்லை. ஆயினும் சுகம் முழுவதையுஞ் சட்டத்துக்கே உரிமையாக்குதல் தவறு. தடித்த ரயரும் இருக்கையின் சுருள்வில்லும் அதிற் பெரும்பங்கு கொள்வன. கோணத்தின் ஆற்றல் தெளிவாகத் தோன்றுவது வண்டியைத் திருப்புமிடத்தேயாம்.

தலைக்குழாயின் நடுக்கோட்டை நிலம்வரை நீட்டுவதாகக் கற்பனை செய்க. முன்சில்லு நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே அது விழும். வண்டி நேராகச் செல்வதற்கு இவ்விடைத்தூரம் பெரிதுந் துணைசெய்கின்றது. அது மிகக் குறைந்தால் வண்டி அலையும். மிகக் கூடினால், மெல்லச் செல்லும்போது கைபிடி ஒருபக்கஞ் சரியும். சட்டஞ் சாயச் சாய இத்தூரங் கூடும். முன்கவையின் வளைவு சில்லின் அச்சை அக்கோட்டுக்கு முன்னே தள்ளி அதனைக் குறைக்கும். ஆதலாலன்றோ பழைய வண்டிகளின் கவை அத்துணை வளைந்திருந்தது! சில்லின் ஆரை 355 மில்லிமீற்றர், கோணம் 67 பாகை, கவை முன்தள்ளும் அளவு 75 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். இடைத்தூரம் ஏறக்குறைய 69 மில்லிமீற்றராகும். 75 ஐ 45 ஆக்கினாலோ அது 102 ஆகிவிடும். மாணவர் திரிகோணகணிதங் கொண்டு சரிபார்ப்பாராக.

இதனை நாம் அறிந்தது பட்டபின்னரே. தந்தையாரின் வண்டியிற் கவை முறிந்தபோது, கைக்குக் கிடைத்த வளைவு குறைந்த கவையொன்றைப் பூட்டினோம். ஒழுங்கை முடக்கிலே வண்டி வேலியை நாடிற்று. சட்டம் பழுதென்று பழிகூறி, பழைய இரும்பு விலைக்குக் கொடுக்கவுந் துணிந்தோம். அதே வகை வண்டியொன்றின் அருகே நிறுத்திப் பார்த்தபோதுதான் பிழை நம்முடையதென விளங்கிற்று. முன்னையதை யொத்த கவையொன்றைத் தேடிப் பூட்டினோம்; தந்தையாரின் வண்டி மீண்டும் தன் நடையைப் பெற்றது.

இத்தகைய வண்டிகள் பல இன்று கொட்டில்களிலே துருவேறிக் கிடக்கின்றன. அவற்றைப் புதுக்க விரும்பும் அன்பர்கள், வர்ணம் பூசுமுன் கவையின் வளைவை அளந்து குறித்துக்கொள்வாராக. சட்டமுங் கவையும் ஒன்றற்கொன்று பொருந்த அமைக்கப்பட்டவை; ஒன்றை மாற்றினால் மற்றதுந் தன் குணத்தை இழக்கும்.