மயிலா, குரங்கா?

நாஞ்சில் நாட்டு மயிலாடியின் பெயரிலேயே மயில் ஆடுகிறது. அவ்வூரில் 1809-இல் ரிங்கல்தௌபே பாதிரியார் தேவாலயம் எழுப்பினார். தமிழ் வேதாகமத்திலும் மயில் உண்டு. சாலொமோன் மன்னனின் கப்பல்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்குகள் ஆகியவற்றோடு மயில்களையும் கொணர்ந்தன என்பது அங்குள்ள செய்தி.

மயில் என்று பெயர்க்கப்பட்ட எபிரேயச் சொல் 'துக்கி'. அது பன்மை வடிவில், இச்செய்தியைக் கூறும் இரண்டே இடங்களில் வருகிறது. ஆதலின் பொருளை ஒப்பிட்டுத் தெளிய வேறு இடமில்லை. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், அதனைத் தமிழ்த் 'தோகை'யோடு இணைத்தார். தோகை என்பது சினையாகுபெயராய் மயிலையே குறிக்கும். நீல மயிலின் தாயகமும் இந்தியா, இலங்கைப் பகுதியே. ஆயினும், துக்கி எகிப்தியச் சொல், அது ஒருவகைக் குரங்கையே சுட்டும் என்பாரும் உளர். பட்டியலில் அது குரங்குக்கு அடுத்து நிற்பது அவர்களுக்குத் துணை. இக்கால எபிரேயத்திலோ துக்கி என்றால் கிளி!

மாணவர்களே, தமிழ்ச் சொல் ஒன்று கடல் கடந்து மறைநூலில் ஏறியது எனக் கேட்க நெஞ்சம் மகிழும். அம்மகிழ்ச்சி சான்றாகிவிடாது. ஒலியொப்புமை ஆராய்ச்சிக்கு வாயில்; முடிவு அன்று. தமிழின் பெருமைக்கு ஐயத்திற்குரிய சான்று தேவையுமில்லை.