கனவுகள்: கொங்கு நாட்டு நம்பிக்கையும் அறிவியல் விளக்கமும்

உறக்கத்தின்போது மனத்தில் தோன்றும் காட்சிகள், ஒலிகள், உணர்வுகள் ஆகியவற்றின் தொடரே கனவு எனப்படுகிறது. கனவு ஏன் வருகிறது, அதற்குப் பொருள் உண்டா என்ற கேள்விகள் மிகப் பழமையானவை. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு நாட்டில் இக்கேள்விகளுக்குத் தனி இடம் உண்டு. இங்கே ஒரு கோயிலின் வழக்கமே கனவை நம்பி நடக்கிறது. ஒரு கணித மேதையின் கடல் பயணத்தோடும் கனவு தொடர்புபடுத்தப்படுகிறது.

சிவன்மலை உத்தரவுப் பெட்டி

திருப்பூர் மாவட்டம் காங்கேயம் அருகே உள்ளது சிவன்மலை சுப்பிரமணிய சுவாமி கோயில். இங்கு 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி' என்ற கண்ணாடிப் பெட்டி உள்ளது. முருகன் ஒரு பக்தரின் கனவில் தோன்றி, குறிப்பிட்ட பொருளைப் பெட்டியில் வைக்குமாறு கூறுவார் என்பது நம்பிக்கை. கனவு கண்டவர் கோயிலுக்கு வந்து தெரிவித்தால், சுவாமி முன் பூ கேட்கப்படும். உத்தரவு கிடைத்தால் அப்பொருள் பெட்டியில் வைக்கப்படும். அடுத்த பக்தருக்குக் கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும்.

மண், தண்ணீர், மஞ்சள், அரிசி, சைக்கிள், துப்பாக்கி எனப் பல பொருள்கள் இவ்வாறு வைக்கப்பட்டுள்ளன. 2004ஆம் ஆண்டு சுனாமிக்கு முன் தண்ணீர் வைக்கப்பட்டிருந்ததைப் பக்தர்கள் நினைவுகூர்வர். வைக்கப்படும் பொருளால் ஏதோ ஒரு தாக்கம் ஏற்படும் என்பதே நம்பிக்கை. அது நன்மையா தீமையா என்று முன்கூட்டிச் சொல்லப்படுவதில்லை. எனவே மஞ்சள் விலை ஏறினாலும் இறங்கினாலும் கனவோடு பொருத்திப் பார்க்க முடிகிறது. பொருந்திய நிகழ்வுகள் மக்கள் நினைவில் நிற்கின்றன, பொருந்தாதவை மறந்துபோகின்றன.

இராமானுசனும் நாமகிரித் தாயாரும்

கணித மேதை சீனிவாச இராமானுசன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார். அவர் குடும்பம் வழிபட்ட தெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். தாயார் கனவில் தோன்றிச் சூத்திரங்களை அருளியதாக அவர் நண்பர்களிடம் கூறியுள்ளார். இங்கிலாந்து செல்ல அழைப்பு வந்தபோது, கடல் கடந்து செல்வதற்கு அக்கால ஆசாரம் தடையாக இருந்தது. மகனின் பயணத்துக்குக் குறுக்கே நிற்க வேண்டாம் என நாமகிரித் தாயார் கனவில் கட்டளையிட்டதால் அன்னை கோமளத்தம்மாள் இசைந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். 1914 மார்ச் 17 அன்று இராமானுசன் சென்னையிலிருந்து கப்பல் ஏறினார்.

அவர் விழித்திருந்த நேரமெல்லாம் பலகையிலும் நோட்டுப் புத்தகங்களிலும் கணக்குப் போட்டவர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. பகலில் ஆழ்ந்து சிந்தித்ததே அவருக்கு இரவிலும் தொடர்ந்தது.

உறக்கத்தில் நடப்பது என்ன?

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியேல் கிளைட்மன் ஆகியோர், உறங்குபவரின் கண்கள் மூடிய இமைகளுக்குள் சில நேரங்களில் விரைவாக அசைவதை ஆராய்ந்து வெளியிட்டனர். அந்நிலையில் எழுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் தெளிவான கனவைக் கூறினர். இது 'விரைவான கண் அசைவு உறக்கம்' எனப்படுகிறது. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை இந்நிலை திரும்ப வருகிறது. மற்ற உறக்க நிலைகளிலும் கனவு வரலாம். ஆனால் அவை பொதுவாக அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை.

இந்நிலையில் உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்னும் மூளைப் பகுதி தீவிரமாக இயங்குகிறது. சரி, தவறு பார்க்கும் முன்மூளையின் சில பகுதிகள் அடங்கியிருக்கின்றன. அதனால்தான் நடக்க இயலாதவையும் கனவில் இயல்பாகத் தோன்றுகின்றன. அப்போது உடல் தசைகளும் செயலற்றிருக்கும். தசைகள் இயங்கத் தொடங்குமுன் விழிப்பு வந்துவிட்டால், யாரோ மார்பில் ஏறி அமுக்குவது போலத் தோன்றும். கிராமங்களில் 'அமுக்குவான் பேய்' என்று சொல்லப்படுவது இதுவே.

விடியற்காலைக் கனவு பலிக்குமா?

பொன்னவன் இயற்றியதாகக் கூறப்படும் 'கனா நூல்', இரவின் எந்த யாமத்தில் கண்ட கனவு எவ்வளவு காலத்தில் பலிக்கும் என்று பகுத்துரைக்கிறது. விடியற்காலைக் கனவு விரைவில் பலிக்கும் என்ற நம்பிக்கை இன்றும் உண்டு. கண் அசைவு உறக்கம் இரவின் தொடக்கத்தில் சில நிமிடங்களே நீடிக்கிறது; விடியலை நெருங்க நெருங்க நீளுகிறது. அக்கனவிலிருந்து நேராக விழிப்பதால் அது தெளிவாக நினைவில் நிற்கிறது. நினைவில் நிற்கும் கனவுக்கே பலனும் தேடப்படுகிறது.

கனவு ஏன் வருகிறது?

இதற்கு ஒரே முடிவான விடை இல்லை. முதன்மையான கருத்துகள் சில:

• நிறைவேறாத ஆசைகளே மாறுவேடத்தில் கனவாகின்றன என்றார் சிக்மண்ட் பிராய்டு. அவரது 'கனவுகளின் விளக்கம்' 1899 நவம்பரில் வெளியானது.
• மூளைத் தண்டிலிருந்து எழும் தூண்டல்களை மூளை கதையாகக் கோப்பதே கனவு என்று ஆலன் ஹாப்சன், ராபர்ட் மெக்கார்லி ஆகியோர் 1977இல் கூறினர்.
• ஆபத்தை எதிர்கொள்ளும் ஒத்திகையே கனவு என்பது 2000இல் ஆன்ட்டி ரெவான்சுவோ முன்வைத்த கருத்து.
• பகலில் கற்றதையும் உணர்ந்ததையும் மூளை ஒழுங்குபடுத்துவதோடு கனவு தொடர்புடையது என்பது பல ஆய்வாளர்களின் எண்ணம்.

கனவின் பொருள்

பாம்பு வந்தால் இன்ன பலன், பல் விழுந்தால் இன்ன பலன் என்று எல்லாருக்கும் பொதுவாக வகுக்கும் பட்டியல்களுக்கு அறிவியல் சான்று இல்லை. தேர்வை எழுதி முடிக்காதது போன்ற கனவு தோல்வியை முன்னறிவிப்பதில்லை. மாணவரின் மனத்தில் உள்ள கவலையையே காட்டுகிறது. இறந்தவர் கனவில் வருவதும் பெரும்பாலும் அவரை இழந்த துயரத்தின் தொடர்ச்சியே.

இவ்வகையில் கனவு வரப்போவதைவிட, கண்டவரின் இன்றைய மனநிலையைப் பற்றியே அதிகம் கூறுகிறது. ஆகவே ஒரு கனவுக்காகப் படிப்பையோ, திருமணத்தையோ, மருத்துவத்தையோ கைவிடுவது பொருத்தமன்று. கொடுங்கனவுகள் அடிக்கடி வந்து உறக்கத்தைக் கெடுத்தால் மனநல மருத்துவரை அணுகலாம். கனவின் முடிவை விழிப்பில் மாற்றி எழுதி, அதை நாள்தோறும் மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி பலருக்குப் பயனளித்துள்ளது.