1-ம் எண் கூண்டுன்னா சும்மாவா?

துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கை கூண்டு ஏற்றினால், "ஒண்ணுதானே" என்று பலரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது தப்பு.

கூண்டு எண் துறைமுகத்துக்கும் கப்பல்களுக்கும் உரியது. 1 என்றால் புயலாக மாறக்கூடிய தாழ்வு மண்டலம் தூரத்தில் இருக்கிறது. காற்று மணிக்கு 62 கி.மீ.யை தொட்டால் அது புயல், 2 ஏறும். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மிரட்டல். 5 முதல் 7 வரை புயலும், 8 முதல் 10 வரை தீவிர புயலும் துறைமுகம் அருகே கரை கடக்கும். 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துபோச்சு.

துறைமுகத்துக்கு தூரம் என்பது ஆழ்கடல் படகுக்கு பக்கம்! 2017 நவம்பர் 30-ந்தேதி கன்னியாகுமரி அருகே ஒகி புயல் உருவானபோது, ஏற்கனவே ஆழ்கடலுக்கு போயிருந்த மீனவர்கள் பலர் பலியானார்கள்.

எண் சின்னதா இருந்தாலும், கடலுக்கு போகாதீங்க என்று அறிவிப்பு வந்தால் படகை எடுக்கக்கூடாது.