குட்டி மனிதர்களும் எங்கள் உயிர்மெய்யும்

எமது வீட்டுப் புத்தக அலுமாரியின் மேல்தட்டில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களும் இருக்கின்றன. அதற்குக் கீழ்த்தட்டில் அட்டை கிழிந்து, ஒட்டுநாடா போட்டு ஒட்டிய மூன்று ஜேர்மன் புத்தகங்கள் இருக்கின்றன. அவை எமது மகளுடையவை. ஒரு காலத்தில் அந்த மூன்றையும் உடுப்புப் பெட்டிக்குள் ஒளித்து வைத்த பெற்றோர் நாம். அதை இன்று எழுத வேண்டியிருப்பது, எம்மவர் வீடுகள் பலவற்றில் வேறு புத்தகங்கள் இப்போதும் இப்படி ஒளிக்கப்படுகின்றன என்பதால்தான்.

நாம் 1989இல் சுவிசுக்கு வந்தோம். மகள் இங்கேதான் பிறந்தாள். அப்பாவுக்கு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை, அம்மாவுக்கு வயோதிபர் இல்லத்தில் துப்புரவு வேலை. மகளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, 2001 மார்கழியில், அந்தப் படம் திரைக்கு வந்தது. வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். படத்துக்கு மூலமான நாவலைத் தேடி அவள் நூலகத்துக்குப் போனாள். ஜே. ஆர். ஆர். ரோல்கீன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் எழுதி, 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த ‘மோதிரங்களின் அதிபதி’ அது. மார்கரெற் கரூ என்பவர் செய்த ஜேர்மன் மொழிபெயர்ப்பு 1969 - 70இல் வெளிவந்தது. அதைத்தான் மகள் படித்தாள்.

படித்தாள் என்று சொன்னால் போதாது. அதற்குள்ளேயே குடியிருந்தாள். கட்டிலுக்கு மேலே சுவரில் இல்லாத ஒரு நாட்டின் வரைபடம். எந்த அரசன் யாருடைய பேரன் என்று கேட்டால் உடனே பதில் வரும். ஹொபிற் எனப்படும் குட்டி மனிதர்கள் எத்தனை தரம் காலைச் சாப்பாடு சாப்பிடுவார்கள் என்பதும் தெரியும். கதையில் வரும் எல்வ் இனத்தவரின் எழுத்துகளால் கொப்பிகளை நிரப்பினாள்.

அதே பிள்ளைதான் புதன்கிழமை பின்னேரங்களில் தமிழ் வகுப்புக்குப் போகும்போது கண்ணீர் விடுவாள். ண, ன, ந மூன்றும் அவளுக்கு ஒன்றுதான். சோதனைக்கு இரண்டு கிழமை இருக்கையில் எமக்குப் பொறுமை போய்விட்டது. “இல்லாத பாசையை எழுதத் தெரியுது, இருக்கிற பாசையை எழுதத் தெரியேல்லையோ?” என்று ஏசிவிட்டு, புத்தகங்களை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினோம்.

மகள் சண்டை பிடிக்கவில்லை. பேச்சைத்தான் குறைத்துக்கொண்டாள். கேட்டதற்கு “ஓம்”, “இல்லை” என்பதோடு சரி. நாலாம், ஐந்தாம் நாள்தான் எமக்கு ஒரு விடயம் உறைத்தது. அவ்வளவு நாளும் பின்னேரத்தில் அம்மா சமைக்கும்போது, மகள் குசினிக் கதிரையில் ஏறியிருந்து அன்று படித்த பகுதியைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அம்மாவுக்கு ஜேர்மன் வாசிக்கத் தெரியாது. ஆகவே கதை முழுவதையும் தமிழில்தான் சொல்லியாக வேண்டும். மந்திரவாதி, சுரங்கம், பாலம், சிலந்தி, துரோகம், சத்தியம் என்று எத்தனை சொற்களை அவள் கேட்டுக் கேட்டுப் படித்தாள்! “அம்மா, ஒருத்தன்ரை மனசு கொஞ்சங் கொஞ்சமாக் கெட்டுப்போறதுக்குத் தமிழில என்ன சொல்லுறது?” என்று கேட்ட பிள்ளை அவள். புத்தகத்தைப் பூட்டியபோது வீட்டில் அவள் நீளமாகத் தமிழ் பேசிய ஒரேயொரு மணித்தியாலத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டோம்.

புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தோம். “பிழை எங்கடைதான் பிள்ளை” என்று சொன்னோம். அன்றிரவு அவளுடைய கொப்பியை முதன்முதலாக ஆறுதலாகப் பார்த்தோம்.

ரோல்கீன் மொழிகளை ஆராய்ந்த அறிஞர். 1925 முதல் 1959 வரை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். சிறுவயதிலேயே தந்தையை இழந்த அவருக்கு இலத்தீன் மொழியை முதலில் கற்பித்தவர் தாய். அந்தத் தாயும் 1904இல் இறந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. பின்னிய மொழியின் ஓசையிலிருந்து ஒன்று, வெல்ஷ் மொழியின் ஓசையிலிருந்து ஒன்று என்று எல்வ்களுக்கு மொழிகள் செய்தார். எழுத்தும் செய்தார். அந்த எழுத்தின் அட்டவணைதான் கொப்பியில் இருந்தது. நாக்கு பல்லில் படும் ஒலிகள் ஒரு நிரல், உதடுகள் கூடும் ஒலிகள் ஒரு நிரல், பின்வாயில் பிறக்கும் ஒலிகள் ஒரு நிரல். உயிர் ஒலிக்கு மெய்யின் தலைமேல் ஒரு குறி.

இதை நாம் எங்கோ பார்த்திருக்கிறோமே! எழுத்துகள் வாயில் எங்கெங்கே பிறக்கின்றன என்று தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்லுவதும் இதுதானே? மெய்யோடு குறி சேர்ந்தால் உயிர்மெய். கொப்பியின் எதிர்ப்பக்கத்தில் எமது நெடுங்கணக்கை அதே மாதிரிக் கட்டம் போட்டு எழுதினோம். “நாக்கு பல்லைத் தொட்டால் ந. கொஞ்சம் மேலே, முரசில பட்டால் ன. மடிச்சு அண்ணத்தில வைச்சால் ண.” மகள் மூன்றையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, “இதை ஏன் எனக்கு ஒருதரும் முதலே சொல்லேல்லை?” என்று கேட்டாள். எம்மிடம் பதில் இல்லை.

அதன் பின்னர் நாமும் இரசிகர்களானோம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, 1937இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘ஹொபிற்’ கதையை ஜேர்மன் மொழியில் ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம் என்று வாசித்தோம். வேலைக்குப் போகும் பேருந்தில் அப்பாவின் கையில் அந்தப் புத்தகம் இருந்தது. கோப்பை கழுவிய பத்து வருடத்தில் படிக்காத ஜேர்மனை இந்தக் குட்டி மனிதரிடம் படித்தோம்.

அந்தக் கதையில் சுவிசுக்கும் பங்கு உண்டு என்று சொன்னதும் மகள்தான். 1911ஆம் ஆண்டு கோடையில், பத்தொன்பது வயது ரோல்கீன் தனது தம்பி, சிறியதாய் முதலானோருடன் இந்த நாட்டுக்கு வந்தார். இன்ரலாக்கனிலிருந்து லவுற்றர்புறூனன் பள்ளத்தாக்கு வழியாக முதுகுப் பையோடு நடந்து, வைக்கோல் பரண்களில் படுத்து, மலை கடந்து வலே மாநிலம் வரை போனார்கள். அலெற்ச் பனியாற்றுப் பக்கம் மேலிருந்து உருண்டு வந்த பாறைகளுக்கு மயிரிழையில் தப்பினார். ஹொபிற் மலை கடக்கும் பயணத்துக்கு அந்த அனுபவமே அடிப்படை என்று பிற்காலத்தில் மகனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிட்டார். யுங்பிராவ் அருகே 3,695 மீற்றர் உயரத்தில் நிற்கும் சில்பர்ஹோர்ன் சிகரம்தான் கதையில் வரும் வெள்ளிச் சிகரம்.

2003ஆம் ஆண்டு கோடையில் லவுற்றர்புறூனனுக்குப் போனோம். செங்குத்துப் பாறையிலிருந்து ஏறக்குறைய முந்நூறு மீற்றர் கீழே விழும் ஸ்ரவுப்பாக் அருவியைப் பார்த்தபடி, மகள் எமக்கு வழிகாட்டியானாள். பதினான்கு வருடமாக இந்த மலைகளை வேலைக்குப் போகும் புகையிரத யன்னலால் மட்டும் பார்த்த நாம், அன்றுதான் நின்று பார்த்தோம். எமக்கு அந்நியமாயிருந்த நாட்டை எமது பிள்ளை ஒரு கதையின் மூலம் எமக்கு அறிமுகம் செய்துவைத்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரோல்கீன் முதலாம் உலகப் போரில் சொம் போர்முனையில் நின்றவர். பள்ளித் தோழமைக் குழுவின் நால்வரில் இருவர் 1916இல் மாண்டனர். கதையின் முடிவில், உலகைக் காப்பாற்றிய குட்டி மனிதன் தன் ஊருக்குத் திரும்புகிறான். ஊர் மீண்டுவிடுகிறது. அவனால்தான் அங்கே வாழ முடியவில்லை. காயம் ஆறாமல் கப்பலேறிப் போய்விடுகிறான். சமாதான காலத்தில், 2004இல், பதினைந்து வருடத்தின் பின் ஊருக்குப் போய், எமது வீட்டு வாசலில் நின்று, இனி இங்கே இருக்க முடியுமா என்று எம்மையே கேட்டுக்கொண்ட அன்று அந்த முடிவு எமக்கு நினைவில் வந்தது. பிள்ளைகளின் மாயக்கதை என்று தள்ளி வைத்த புத்தகத்தில் எமது கதை இருந்தது.

பொன்னியின் செல்வன் கல்கி இதழில் தொடராக வந்து முடிந்ததும் 1954ஆம் ஆண்டில்தான். கிழமைக்குக் கிழமை இதழைக் காத்திருந்து, பக்கங்களைக் கிழித்துத் தைத்துப் புத்தகமாகக் கட்டி வைத்தவர்கள் எமது பெற்றோர். வந்தியத்தேவனுக்காக அவர்கள் அடுப்பில் சோற்றை அடிப்பிடிக்க விட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளான நாம்தான் எமது மகளின் பித்தைப் பார்த்துப் பயந்தோம்.

மகளுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. அவளுடைய தமிழ் எழுத்தில் இன்னும் பிழை உண்டு. பொன்னியின் செல்வனில் முதலாம் பாகத்தைத் தாண்டவில்லை. ஆனால் இரவில் தன் ஐந்து வயது மகனைப் படுக்க வைத்து, கையில் ஜேர்மன் புத்தகத்தைப் பிடித்தபடி, வாயால் தமிழில் கதை சொல்லுகிறாள். போன கிழமை பேரன் எம்மைக் கேட்டான்: “அம்மம்மா, அந்தப் பறவைநாகம் உங்கடை ஊரிலையும் இருந்ததோ?”

அன்பான பெற்றோரே, உங்கள் பிள்ளை விளங்காத புத்தகம் ஒன்றோடு மூலையில் இருந்தால் அதைப் பறிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, “என்ன கதை, எங்களுக்கும் சொல்லு” என்று கேளுங்கள். தமிழில் கேளுங்கள்.