போதும் என்பதை யார் முடிவு செய்வது?

படிப்பை முடித்து வேலை தேடிய அமெரிக்க மாணவர்களை 11 கல்லூரிகளில் ஆராய்ந்து, ஷீனா ஐயங்கார், ரேச்சல் வெல்ஸ், பாரி ஷ்வார்ட்ஸ் மூவரும் 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இருப்பதிலேயே மிகச் சிறந்த வேலைதான் வேண்டும் என்று தேடியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல் சம்பளம் கிடைத்தது. ஆனால் கிடைத்த வேலையில் திருப்தி குறைவாக இருந்ததும், தேடும்போது பதற்றமும் சோர்வும் அதிகமாக இருந்ததும் அவர்களுக்குத்தான். 'மிகச் சிறந்தது' என்பதற்கு எல்லை கிடையாது. இதைவிட நல்லது வேறெங்காவது இருந்திருக்குமோ என்ற சந்தேகத்தை எந்தச் சம்பளமும் தீர்த்துவைக்காது.

அந்த 'வேறெங்காவது' பெரும்பாலும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். உங்களுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மற்றவர்களுக்கு 25,000. அல்லது உங்களுக்கு 1,00,000, மற்றவர்களுக்கு 2,00,000. விலைவாசியில் மாற்றமில்லை. எது வேண்டும்? ஏறக்குறையப் பாதிப் பேர் 50,000 போதும் என்றார்கள். விடுமுறையைப் பற்றி இதே மாதிரி கேட்டபோதோ, மற்றவர்களுக்கு எவ்வளவு கிடைத்தாலும் சரி, தங்களுக்கு அதிக நாள் வேண்டும் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். ஓய்வின் அருமை அனுபவிக்கும்போதே தெரிகிறது. பணத்தை மட்டும் அடுத்தவரைப் பார்த்து அளக்கிறோம். அப்படி அளக்கும்வரை, போதுமா இல்லையா என்பதை அடுத்தவர்தான் முடிவு செய்கிறார்.

வயிறு நிறைந்தவர்கள் பேசும் பேச்சு இது என்று சிலர் சொல்லக்கூடும். வாடகைக்கே திண்டாடும் குடும்பத்துக்கு மனநிறைவை உபதேசிப்பது அநியாயம்தான். அவர்களுக்கு வேண்டியது நியாயமான கூலி. வருமானம் உயர்ந்தால் பெரும்பாலோரின் மகிழ்ச்சியும் உயர்கிறது என்று கில்லிங்ஸ்வொர்த், கானமன், மெல்லர்ஸ் மூவரும் 2023இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். ஆனால் அந்தக் கணக்கில் எண்ண வேண்டியது, வருமானம் எத்தனை மடங்கானது என்பதைத்தான். 50,000 டாலர் ஒரு லட்சமாகும்போது கூடும் மகிழ்ச்சி அளவுக்கே இன்னொரு முறை கூட வேண்டுமானால், அந்த ஒரு லட்சம் இரண்டு லட்சமாக வேண்டும். அந்தக் கூடுதல் பணத்துக்காகத் தூக்கத்தையும் பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தையும் கொடுக்க வேண்டியிருந்தால், வரவைவிடச் செலவே மிஞ்சும்.

போதும் என்று நினைத்தால் முன்னேற்றம் நின்றுவிடாதா? 1978இல் பொருளாதார நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன் இதற்கு வழி சொல்லியிருக்கிறார்: எது போதும் என்று முதலில் வரையறுத்துக்கொள், அது கிடைத்ததும் தேடலை நிறுத்து. வரையறை எவ்வளவு உயரமாகவும் இருக்கலாம், ஆனால் அது நம்முடையதாக இருக்க வேண்டும். வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், மருத்துவம், முதுமைக்கான சேமிப்பு என்று எழுதிக் கூட்டினால் ஒரு தொகை வரும். அதைத் தாண்டிய பிறகு வரும் ஒவ்வொரு வாய்ப்பையும், எவ்வளவு கிடைக்கும் என்று மட்டும் பார்க்காமல், எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் கேட்டு எடைபோடுபவர், தன் வெற்றியைத் தானே தீர்மானிக்கிறார்.