பால் சேர்ந்த சைவம்

சீர்காழியில் 'சைவம்' என்றால் இரண்டு பொருள். ஒன்று சட்டைநாதர் கோயிலின் சமயம். மற்றொன்று இலையில் விழுவது. புலால் மறுப்பில் சைவரைவிடக் கண்டிப்பானவர்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் உண்ணார், கிழங்கைத் தொடார். அவர்களை வாதில் வென்றதாகச் சொல்லப்படும் ஞானசம்பந்தர் பிறந்த ஊர் இது. சாப்பாட்டின் பெயரும் வென்றவர் பக்கமே நின்றுவிட்டது. ('மரக்கறி' என்ற நல்ல சொல்லை இலங்கைத் தமிழர்தான் காப்பாற்றி வருகிறார்கள்.)

அன்று அந்த ஒரு சொல்லுக்குள் பல வகை. எதற்கும் தனிப்பெயர் இல்லை, தெருவே அடையாளம். அக்ரகாரத்துக்குள் வெங்காயமும் பூண்டும் நுழையா. சைவப் பிள்ளைமார் வீட்டிலோ மீன் வராது, சின்ன வெங்காய சாம்பார் மணக்கும். திவசத்தன்று முட்டைக்கோஸும் காரட்டும் 'இங்கிலீஷ் காய்' என்று விலக, வாழைக்காயும் பாகற்காயும் பிரண்டைத் துவையலும் இலைக்கு வரும். மிளகாய் இருந்த இடத்தில் மிளகு. மற்றத் தெருக்களில் சைவம் என்பது நாள்கணக்கு: அமாவாசை, கார்த்திகை, வைத்தீஸ்வரன்கோயில் போகும் செவ்வாய், புரட்டாசிச் சனி. மறுநாள் பழையாற்று மீன் கூடையில் வந்துவிடும்.

இன்று அடையாளம் பொட்டலத்தின் மேல். பச்சைப் புள்ளி என்றால் சைவம். பாலும் தேனும் அதற்குள் அடக்கம், முட்டை அடங்காது. மேலைநாட்டுச் சைவர் பலருக்கு முட்டை சம்மதம். நம் பள்ளிகளில் அந்த வழக்கு எப்போதோ தீர்ந்தது: 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவில் 1989-இல் முட்டை சேர்ந்தது. வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம். பாலும் வேண்டாம் என்பவர் வீகன். 1944-இல் இங்கிலாந்தில் பிறந்த அந்தப் பெயருக்கு 2022-இல் இந்திய உணவு விதிகளில் தனி முத்திரை கிடைத்தது. அவர்கள் பி12 சத்தை மாத்திரையிலோ, அது சேர்த்த உணவிலோ பெறவேண்டும். மற்றச் சைவருக்கு அதில் ஒரு பங்கைத் தயிர்ச்சாதமே தந்துவிடுகிறது. கறியின் பதத்துக்கு மீல்மேக்கர் வந்தது. ஆசாரமான வீடுகள் ஒதுக்கிவைத்த காளான் இன்று பிரியாணி ஆகிறது.

பெற்றது பெரிது. பெயரைச் சொன்னால் போதும், தெருவைச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் 1957-இல் சென்னையில் போராட வேண்டியிருந்தது. 'உயர்தர சைவ உணவகம்' என்ற பலகையின் கீழ் இன்று யாரும் உட்காரலாம். 2014-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் முழுச் சைவர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. அந்தப் பந்தியை நிறைப்பவர்களில் பெரும்பாலோர் நாள்கணக்குச் சைவர்தான்.

இழந்தது சிறிது, ஆனால் ருசியானது. வேலியில் படர்ந்த பிரண்டையை ஒடித்து, கை அரிக்க நாரெடுத்து, நல்லெண்ணெயில் வதக்கப் பொறுமை உள்ளவர்கள் குறைந்துவிட்டார்கள். எந்தப் புள்ளியும் அதை நினைவூட்டாது.

சித்திரையில் இங்கே திருமுலைப்பால் விழா. மூன்று வயதுக் குழந்தைக்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் கொடுத்தது தாய்ப்பால்; வீகன்காரர்களும் குறை சொல்ல இடமில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மட்டும் 'சைவமா?' என்று கேட்டதோடு நிறுத்தாதீர்கள். பால், முட்டை, வெங்காயம் மூன்றையும் கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.