எழுத்தும் படிப்போரும்

ஒருவரே எழுதினும் எழுத்து ஒரு தன்மைத்தாய் நில்லாது. படிப்போர் யார், எழுதுவது எதன்பொருட்டு என்னும் இரண்டுமே அதன் நடையை வகுப்பன.

வீட்டில் அன்னைக்குக் காய்ச்சல். அதிபரிடம் விடுமுறை வேண்டும் மாணவன், காரணத்தையும் நாட்களையும் பணிவுடன் கூறி அமைவான். கொழும்பிலுள்ள தமையனுக்கு எழுதுங்கால், மருந்து, உணவு, உறக்கம் யாவும் விரியும். சொல்லெண்ணிக் காசு கொடுத்துத் தந்தியடித்த காலத்திலோ, 'அம்மா சுகவீனம், உடன் வருக' என்பதே போதியதாயிற்று. செய்தி ஒன்றே, நடை மூன்று.

நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) இதனை நன்குணர்ந்தவர். சிறுவர்க்கு முதற் பாலபாடத்தைச் சிறு வாக்கியங்களால் அமைத்தார். 1852-இல் பெரியபுராணத்தை வசனமாக்கி, செய்யுள் பயிலாதார்க்கும் அடியார் வரலாற்றை எட்டச் செய்தார். 1854-இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்திலோ மறுப்புக்கேற்ற வாத நடையை மேற்கொண்டார்.

மாணவப் பருவத்தில் யாம் இதனை உணர்ந்திலேம். ஊர்க் கிணற்றடியில் ஒட்டிய அறிவித்தலில், 'அனலிடைக் கொதித்தாறிய புனலே பருகற்பாலது' என வரைந்தோம். அதனை வாசிக்கக் கேட்ட மூதாட்டி ஒருவர், "தம்பி, இந்தத் தண்ணியைக் குடிக்கலாமோ, கூடாதோ?" என வினவினார். எமது தமிழிற் பிழையில்லை. ஆயினும், அவரைக் காய்ச்சலினின்று காக்க அது உதவிற்றில்லை. அன்றே அதனைக் கிழித்து, 'இந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறியபின் குடியுங்கள்' என எழுதி ஒட்டினோம்.

மாணவ அன்பர்காள்! எழுதுமுன் படிப்போரை மனக்கண்முன் நிறுத்துங்கள். எழுதியபின், இயலுமாயின் அவருக்கே ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.